பங்குனிக் கடலும் தெளிந்த தண்ணீரும்

பங்குனி பிறந்து நாலைந்து நாளில் அப்படி ஒரு காலை வரும். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் நின்று பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றிவிட்டது போலக் கிடக்கும். தை, மாசி முழுக்கக் காதுக்குள் இரைந்துகொண்டிருந்த வாடைக்காற்று எங்கேயோ போயிருக்கும். கட்டிக் கிடக்கிற வள்ளங்களின் நிழல் தண்ணீரில் நெளியாமல் நிற்கும். மண்டைதீவுப் பக்கத்துப் பனைகள் கடலுக்கு மேலே ஒரு முழம் மிதப்பது போலத் தெரியும்.

கடலுக்குப் பழக்கமில்லாதவர்கள் அதைப் பார்த்தால் "இன்றைக்கு மீன் அள்ளலாம்" என்பார்கள். பதினேழு வயது வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அலை இல்லை, காற்று இல்லை, அடியில் கிடக்கிற சிப்பி வரைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. மீன் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த நினைப்பை மாற்றியவர் என் பெரியப்பா. ஐம்பது வருடத்துக்கு மேல் கடலில் தொழில் செய்தவர். அப்படி ஒரு காலையில் தூண்டிலோடு வள்ளத்தில் ஏறப் போன என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, தண்ணி தெளிஞ்சால் மீனுக்கு நாங்கள் தெரிவம். கலங்கினால் எங்களுக்கு மீன் தெரியாது. ரெண்டுக்கும் நடுவிலைதான் தொழில் கிடக்குது."

இருபத்தைந்து வருடமாக அந்தப் பேச்சோடுதான் நான் தூண்டில் போடுகிறேன். எனக்குக் கடல் தொழில் இல்லை. பட்டணத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறும் விடுமுறை நாளும் கிடைத்தால் கடல்நீரேரியைக் கடக்கிற பண்ணைப் பாலத்திலோ மச்சானின் போட்டிலோ இருப்பேன். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் எனக்கு மிகவும் பிடித்த மாதங்கள். வருடத்திலேயே மிகவும் கஷ்டமான மாதங்களும் அவைதான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் ஊரில் மாதத்தைவிடக் காற்றைத்தான் முதலில் கேட்பார்கள். மாரியோடு வருகிற வாடை மாசி வரைக்கும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். வைகாசியில் சோளகம் பிடித்தால் புரட்டாதி வரைக்கும் தென்மேற்குத்தான். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளிதான் பங்குனியும் சித்திரையும். வானிலைக்காரர்கள் மார்ச், ஏப்ரல் இரண்டையும் முதலாவது இடைப்பருவக் காலம் என்பார்கள். பெரிய காற்று எதுவும் ஆட்சி செய்யாத காலம். அதனால் நிலத்தின் சூடும் கடலின் சூடும் சேர்ந்துதான் காற்றை உண்டாக்குகின்றன. விடியற்காலையில் நிலம் குளிர்ந்திருப்பதால் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று போகும். பதினொரு மணிக்குப் பிறகு நிலம் கொதிக்கத் தொடங்க, கடலிலிருந்து கரைக்குத் திரும்பும்.

குடாநாட்டுக்கு இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. எங்கள் நிலம் ஒடுங்கியது, வடக்கிலும் கடல், தெற்கிலும் கடல்நீரேரி. மத்தியானம் பருத்தித்துறையில் நிற்பவன் முகத்தில் வடக்குக் காற்று படும்போது, பாசையூரில் நிற்கும் என் முகத்தில் தெற்குக் காற்று படும். ஒரே நாள், ஒரே நேரம். "இன்றைக்குக் காற்று எப்படி?" என்று போனில் கேட்டால், எந்தக் கரையில் நின்று கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கவேண்டிய மாதங்கள் இவை.

சரி, தெளிந்த தண்ணீருக்கு வருகிறேன்.

வாடை அடிக்கிற காலத்தில் அலை அடிமண்ணைக் கிளறி, கடல் பால் கலந்தது போல இருக்கும். அந்தக் கலங்கலில் வலை மீனுக்குத் தெரியாது. நண்டும் தயக்கமில்லாமல் நடமாடி வலையில் வந்து மாட்டும். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், அதிலும் எங்கள் கரையோரத்தில் பெரும்பகுதி பத்து மீற்றருக்கு உட்பட்டது. அதனால் காற்று நின்ற சில நாட்களிலேயே மண் அடங்கி, அடித்தளம் வரைக்கும் தெரியத் தொடங்கிவிடும். சாதாழை என்ற கடற்புல் காடு ஒவ்வொரு இலையாகத் தெரியும். அப்போது பகலில் வலை விட்டால் மீன் வலையைச் சுற்றிப் போகும். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். திரளிக் கூட்டம் ஒன்று வலைக்கு ஒரு பாகம் (ஆறடி அளவு) முன்னால் வந்து நின்று, மெதுவாகத் திரும்பி, வலை முடிகிற இடம் வரைக்கும் அதை ஒட்டியே போய் அந்தப் பக்கம் கடந்தது. அவசரமே இல்லை அவைக்கு.

அதனால்தான் பங்குனியில் வலைக்காரர் பொழுதுபடும் நேரம் வலையை விட்டுவிட்டு விடிவதற்குள் எடுக்கிறார்கள். தூண்டில்காரனும் அதற்கேற்ப மாறவேண்டும். மாரியில் பாவிக்கிற தடித்த தங்கூசியும் (தூண்டில் நூல்) பெரிய ஈயமும் இப்போது உதவாது. மெல்லிய தங்கூசி, சின்ன முள், முடிந்தால் ஈயமே இல்லாமல் உயிர் இறாலைத் தானாக நீந்த விடவேண்டும். வள்ளத்தில் நிற்கக்கூடாது, இருக்கவேண்டும். நிழல் தண்ணீரில் விழாத பக்கம் பார்த்து எறியவேண்டும். பெரியப்பா வள்ளத்துக்குள் கால் மாற்றி வைக்கும்போதுகூடப் பலகையில் சத்தம் கேட்காது. அவரிடம் நான் படித்ததில் பாதி அந்தக் காலடிதான்.

அடுத்தது வெயில். "பங்குனி மாதம் பகல்வழி நடந்தவன் பாவி" என்ற பழமொழி நடப்பவனுக்குச் சொன்னது, மீனுக்கும் பொருந்தும். வடக்கே நகர்கிற சூரியன் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வருகிறது. ஏப்ரல் 15 அளவில் மத்தியானம் 12.10க்கு முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டுப் பாருங்கள், நிழல் அடியில் மறைந்துவிடும். அந்த வெயில் முழுவதையும் வாங்குவது எங்கள் கடல்நீரேரி. பெரும்பகுதியில் ஆள் ஆழம்கூட இல்லை. பத்து மணிக்கே கரையோரத் தண்ணீரில் காலை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கிற பிராணவாயு குறையும். மழை ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும்தான் பெரும்பாலும் பெய்கிறது. அதற்குப் பிறகு வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க உப்பு ஏறிக்கொண்டே போய், ஏரியின் உள் மூலைகளில் வெளிக்கடலைவிட உப்புக் கூடிவிடும். ஆனையிறவில் உப்பு விளைவதும் இதே வெயிலில்தான்.

மீன் என்ன செய்யும்? மூச்சு வாங்கக்கூடிய இடத்துக்குப் போகும். ஆழமான வாய்க்கால், பாலத்து நிழல், வெளிக்கடல் தண்ணீர் உள்ளே வருகிற வாய். இரவில் தண்ணீர் ஆறிய பிறகு மேய்ச்சலுக்குக் கரைக்கு ஏறும். ஆகவே இந்த இரண்டு மாதமும் காலை ஒன்பது மணிக்குப் பிறகு தூண்டில் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விடிவதற்கு ஒரு மணி முன்னும் பின்னும், பொழுது படுவதற்கு ஒரு மணி முன்னும் பின்னும். அவ்வளவுதான். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு நித்திரை கொள்வது நல்லது. வெயிலில் நின்று மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நேரம் மட்டும் போதாது. தண்ணீர் ஓடவேண்டும்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வேறு காலங்களில் தண்ணீரைக் காற்று அசைக்கிறது. காற்று செத்த பங்குனியில் அசைப்பதற்கு மிஞ்சியிருப்பது கடல் இறங்கி ஏறுகிற வற்றும் பெருக்கும் மட்டும்தான். எங்கள் கடலில் அது பெரிதும் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய பெருக்குக்கே முழங்கால் அளவு உயரம்தான் வித்தியாசம். அட்டமி, நவமி நாட்களில் தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது. வேறு நாட்டுக் கடலில் மீன் பிடித்தவர்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். ஆனால் அந்த முழங்கால் அளவு தண்ணீர் பண்ணைப் பாலத்தின் கண்களுக்குள்ளால் போய் வரவேண்டியிருக்கிறது. அகலமான ஏரி ஒடுங்கிய வாய் வழியாக மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தடியில் அந்த நேரம் ஒரு ஓட்டம் பிடிக்கும். சாதாழைத் துண்டுகள் வரிசையாகப் போகத் தொடங்கும். ஓட்டத்துக்கும் சும்மா கிடக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும், ஒரு பக்கம் சுருக்கம், மற்றப் பக்கம் கண்ணாடி.

விளைமீன், கொடுவா, சின்னப் பாரை எல்லாம் அந்தக் கோட்டில்தான் நிற்கும். தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும். ஓடிவருகிற சின்ன மீனும் இறாலும் வாய்க்குள் வந்து விழும் என்று காத்திருக்கும். ஓட்டத்தோடு சேர்ந்து கொஞ்சம் கலங்கலும் வருவதால் தங்கூசி அவைக்குத் தெரியாது. "நடுவிலைதான் தொழில்" என்று பெரியப்பா சொன்னது இந்தக் கோட்டைத்தான் என்று எனக்கு விளங்க ஐந்தாறு வருடம் பிடித்தது.

பெருக்கு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். பொழுது படுகிற நேரமும் ஓட்டம் பிடிக்கிற நேரமும் ஒன்றாக விழுகிற நாட்கள் மாதத்தில் சிலதான் வரும். நான் கலண்டரில் அந்த நாட்களை முன்கூட்டியே குறித்துவைப்பேன். வீட்டில் கலியாணம், சாமத்தியச் சடங்கு எதுவும் அந்த நாட்களில் வரக்கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வேன்.

இரவைப் பற்றியும் சொல்லவேண்டும். கடல் அடங்கிய இருட்டுக்காலத்தில் முரல் பிடிப்பதைப் போல அழகான தொழில் வேறில்லை. முன்பு பெற்றோல்மாக்ஸ், இப்போது பற்றரி லைற். வெளிச்சத்துக்கு வருகிற முரல் தண்ணீரின் மேல்தோலை ஒட்டி ஊசி போல நிற்கும். அலை இருந்தால் அதைக் காண முடியாது, அதனால்தான் இந்த மாதங்கள். கை வைத்த இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னுகிற இரவுகளும் உண்டு. அப்படிப்பட்ட இரவில் வலை விட்டுப் பயனில்லை, வலை முழுக்க நெருப்புப் பிடித்தது போலத் தெரியும். மச்சான் அப்போது எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பான். நானும் பேசமாட்டேன்.

கரையோரம் நடந்து பிடிப்பவர்களுக்கு ஒரு சொல். தெளிந்த தண்ணீர் என்று நம்பி இருட்டில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள். மண்ணுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். காலை இழுத்து இழுத்து நடந்தால் அது தானாக விலகிப் போகும். ஓராவைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது வெறுங்கையால் பிடிக்கக்கூடாது, அதன் முட்களில் விஷம் இருக்கிறது. எனக்கு ஒரு முறை பெருவிரலில் குத்தி, தோள் வரைக்கும் கடுத்தது. பெரியம்மா பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்துக் கையை அமிழ்த்தச் சொன்னா. அரை மணியில் வலி இறங்கியது. பேத்தை என்ற நச்சு மீன் பட்டால் தங்கூசியை வெட்டி விட்டுவிடுங்கள், தின்ன ஆசைப்படவேண்டாம்.

இந்த மாதங்களில் சந்தையும் வேறு மாதிரித்தான் ஓடும். வேதக்காரருக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, தவக்காலம், வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லாததால் மீன் தேடுவார்கள். சைவ வீடுகளில் வெள்ளி மரக்கறி, பங்குனித் திங்கட்கிழமைகளும் மரக்கறி. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போகிறவர்கள் மீன் சந்தைப் பக்கமே வரமாட்டார்கள். பெரிய வெள்ளியன்று எங்கள் கரையில் ஒரு வள்ளமும் அசையாது. இவை எல்லாம் கூறு விலையில் தெரியும். ஒரே அளவு விளைமீன் செவ்வாய்க்கிழமை ஒரு விலை, திங்கட்கிழமை ஒரு விலை.

வடக்குக் கரையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மயிலிட்டி ஒரு காலத்தில் பெரிய மீன்பிடித் துறைமுகம். 1990இல் போரால் சனம் இடம்பெயர்ந்த பிறகு இருபத்தேழு வருடம் யாரும் அங்கே போக முடியவில்லை. 2017 ஜூலையில் துறைமுகப் பகுதியை இராணுவம் திரும்பத் தந்தது. அடுத்த பங்குனியில் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அவர் இளவயதில் அங்கே நண்பர்களோடு தொழில் செய்தவர். ஏரியைப் போல இல்லை அந்தக் கரை. முருகைக்கல் பாறை, கொஞ்சத் தூரத்திலேயே ஆழம் தொடங்கும், தண்ணீர் பச்சையிலிருந்து கடும் நீலத்துக்கு மாறுவது தெரியும். அங்கே சீலாவும் பாரையும் விடியற்புறத்தில் சூடை மீனைத் துரத்திக்கொண்டு பாறை வரைக்கும் வரும். நாங்கள் அன்றைக்குத் தூண்டில் போடவில்லை. பெரியப்பா இடிந்த சுவர்களுக்கு நடுவில் நின்று, "இதாலைதான் வள்ளம் இறக்கிறனாங்கள்" என்று ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே பற்றைதான் வளர்ந்திருந்தது. பிறகு கடலைப் பார்த்தார். "தண்ணி நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சித்திரை மாதத்துக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாட்கள், தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்குத் தடை. மீன் பெருகும் காலம் என்று அந்த அரசு விதித்தது. மற்ற மாதங்களில் இரவில் எல்லை தாண்டி வரும் அந்த இழுவைப் படகுகளின், றோலர்களின், வெளிச்சம் எங்கள் கரையிலிருந்தே ஒரு பட்டணம் போலத் தெரியும். அவை வலையை அறுத்துக்கொண்டு போக, விடிந்தால் வலை இல்லாமல் கரைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். கடன்பட்டு வாங்கிய வலை. அந்தப் பக்கமும் எங்கள் மொழி பேசுகிறவர்கள்தான், அவர்களின் வயிற்றுப்பாட்டையும் நான் அறிவேன். ஆனால் இழுவைமடி அடித்தளத்தைச் சாதாழையோடு சேர்த்து வழிக்கிறது. சாதாழை போனால் நண்டுக்கும் இறாலுக்கும் ஓராவுக்கும் குஞ்சு வளர இடமில்லை. இலங்கை 2017இல் சட்டத்தால் இழுவைமடியைத் தடை செய்தது. இந்தக் கரையிலும் இழுவைமடி போட்டவர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. அந்த 61 நாட்களில்தான் எங்கள் சின்ன வலைக்காரர் நிம்மதியாக வலையைக் கடலில் விட்டுவிட்டு வீட்டில் படுக்கிறார்கள்.

அந்த நிம்மதிக் காலத்தில் நாங்கள் செய்கிற ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. வலையில் முட்டை நண்டு வரும். வயிற்றடியில் பஞ்சு போல ஒட்டியிருக்கிற முட்டை முதலில் மஞ்சளாக, செம்மஞ்சளாக இருக்கும். பொரிக்கும் நேரம் நெருங்க நெருங்கக் கறுக்கும். கறுத்த முட்டையோடு வருகிற நண்டு இன்னும் ஒன்றிரண்டு நாளில் இலட்சக்கணக்கில் குஞ்சை விடப்போகிறது. அதை எடுத்து முட்டையைச் சுரண்டி எறிந்துவிட்டு விற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களோடு சண்டை பிடித்தும் இருக்கிறேன். மச்சானின் போட்டில் அது இல்லை. கால் உடைந்தாலும் பரவாயில்லை என்று வலையை வெட்டியாவது கழற்றி விடுவான். வலைக்கண் ஒன்று போனால் பொத்தலாம் என்பது அவன் கணக்கு.

2022 பங்குனியை மறக்க முடியாது. கடல் என்றால் அப்படி ஒரு கடல், கண்ணாடி. ஆனால் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். ஆவணியில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அந்தப் பங்குனியில் ஏரிக்குள் கம்பை ஊன்றி வள்ளத்தைத் தாங்கிப் போனவர்களைப் பார்த்தேன், என் சிறுவயதில் கண்ட காட்சி அது. சத்தமில்லாத வள்ளத்துக்கு மீன் ஓடவில்லை என்றார்கள். ஆனால் கம்பால் எவ்வளவு தூரம் போகலாம்? வெளிக்கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் அந்த இரண்டு மாதமும் அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், அடங்கிய கடலை முழுதாக நம்பவும் கூடாது. சித்திரைக் குழப்பம் என்று எங்கள் ஊரில் சொல்வது சும்மா இல்லை. காலை முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்த நாளில், பின்னேரம் மூன்று, நாலு மணிக்கு நிலத்தின் மேல் கறுத்த முகில் கோபுரமாக எழும்பும். அது கடலுக்கு மேலே வந்தால் பத்து நிமிடத்தில் காற்றும் மின்னலும். திறந்த வள்ளத்தில் ஏரி நடுவில் உயரமான பொருள் நீங்கள்தான். முகிலின் அடி தட்டையாகக் கறுப்பதைக் கண்டவுடன் தூண்டிலைச் சுற்றிவிடுங்கள், கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. 2019இல் ஃபானி புயல் உருவானதும் ஏப்ரல் கடைசியில்தான். எங்கள் கரையை அது தொடவில்லை, ஆனால் வெளிக்கடலுக்குப் போகவேண்டாம் என்ற அறிவித்தலை வானம் வெளித்திருந்ததால் நம்பாதவர்கள் இருந்தார்கள்.

போன வருடம் சித்திரைக் கடைசியில் ஒரு பின்னேரம். நான் குறித்துவைத்த நாள், அமாவாசைக்கு அடுத்த நாள். பெரியப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை, ஆனால் பண்ணைக்குக் கூட்டிப்போனால் வருவார். பாலத்துக் கட்டில் இருந்தார். ஓட்டம் பிடித்துவிட்டது, ஆனால் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, ஒன்றும் கடிக்கவில்லை. ஆறு மணி தாண்டியதும் பெரியப்பா மூக்கைத் தூக்கினார். "தென்மேற்கு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலணைப் பக்கத்திலிருந்து தண்ணீரின் மேல் ஒரு சுருக்கம் நடந்து வந்தது. அந்த வருடத்தின் முதல் சோளகம். கரையோரம் மெல்லிசாகக் கலங்கத் தொடங்கியது.

"இப்ப போடு" என்றார்.

கோட்டுக்கு ஒரு பாகம் மேலே இறாலை விட்டேன். மூன்றாவது எறிதலில் தங்கூசி கையைவிட்டு ஓடியது. ஏற்றி எடுக்கும்போது இருட்டிவிட்டது. இரண்டு கிலோவுக்குக் கிட்டக் கொடுவா. பெரியப்பா ரோச் அடித்துப் பார்த்து, செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கி, பாரத்தைக் கையிலேயே நிறுத்தார். பிறகு என்னிடம் தந்துவிட்டு, காற்று வந்த பக்கம் திரும்பி இருந்தார்.